ஓடாத காரின் ஆயிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் தெரியாததும்

போன சனிக்கிழமை நான் பழைய கராஜுக்கு வந்திருந்தபோது, இப்போது அங்கே வேலை செய்கிற உங்களில் ஒருவர் கேட்டீர்கள். "அண்ணே, அதிகம் ஓடாத கார்ல ஆயில் எவ்வளவு காலம் கெடக்கலாம்?" நான் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே "ஒரு வருஷம்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் அதையே கேட்க, "ஆறு மாசம்" என்றேன். பஸ் ஏறப் போகும்போது மூன்றாவது ஆளிடம் "அது கார் ஓடுற விதத்தப் பொறுத்தது" என்று சொன்னதாகவும் ஞாபகம். அண்ணனுக்கு வயசாகிவிட்டது என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் சொன்ன நேரத்தில் மூன்றுமே எனக்கு உண்மையாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் இதில் எதை நான் உண்மையாக நம்புகிறேன் என்று யோசித்தேன். தெளிவாகவில்லை. அதனால்தான் நடந்ததை எழுதித் தருகிறேன். படித்துவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

ஹட்டனில் முப்பத்தாறு வருஷம் ஒரே கராஜில் இருந்தேன். இது என் கடைசி நான்கு வருஷத்துக்குள் நடந்தது. அதாவது, எனக்கு எல்லாம் தெரியும் என்று நானும் ஊரும் முடிவு செய்துவிட்ட காலத்தில்.

றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு டீச்சர் இருந்தார். ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். கிளாக்கர் ஐயாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கால் மடங்காமல் போய்விட்டது. பேச்சும் குறைந்துவிட்டது. நாளைக்கு நாலு சொல் வந்தால் பெரிது. கால் மடங்காத மனிதரை ஆட்டோவில் ஏற்ற முடியாது. ஏற்றினாலும் கால் வெளியே நிற்கும். வீட்டில் ஒரு சின்ன ஜப்பான் கார் இருந்தது. முன் சீட்டைப் பின்னால் தள்ளினால் அவர் காலை நீட்டி உட்காரலாம். அதற்காகவே டீச்சர் ஐம்பத்தெட்டு வயதில் கார் ஓட்டப் பழகினார்.

அந்தக் கார் ஓடியது மிகக் குறைவு. வட்டவளைக்குச் சாமான் வாங்க ஒரு ஓட்டம். மாதத்துக்கு ஒரு தடவை ஹட்டன் பக்கம் கிளினிக்குக்கு ஒரு ஓட்டம். மற்ற நாளெல்லாம் தகரக் கூரைக்குக் கீழே நிற்கும்.

ஒரு கிளினிக் நாளில் டீச்சர் கராஜுக்கு வந்தார்.

"பாஸ், ஆயில் மாத்தி ரெண்டு வருஷம் ஆவுது. ஆனா ஓடினது ஆயிரம் கிலோமீட்டர்கூட இல்ல. மாத்தணுமா?"

"ஐயாயிரத்துக்குத்தான் டீச்சர் மாத்தணும். ஓடாத ஆயில் எப்படிக் கெடும்? டின்ல இருக்கிற மாதிரித்தான் உள்ளுக்கும் இருக்கும்."

"உறுதியாவா சொல்றீங்க?"

"உறுதியா."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த "உறுதியா" என்ற சொல்லை நான் எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பது இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. யோசிக்கவே இல்லை. கையில் வேறொரு காரின் பிரேக் இருந்தது.

பிறகு பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம் வந்தது. உங்களுக்கும் தெரியும். டீச்சர் போன் செய்தார். டாங்கியில் கொஞ்சம் பெற்றோல் இருக்கிறது, ஐயாவுக்கு ஏதாவது அவசரம் என்றால் வேண்டும் என்று காரை வெளியே எடுக்காமல் வைத்திருக்கிறேன், கார் சும்மா நின்றால் பழுதாகுமா என்று கேட்டார்.

"தினமும் காலையில ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடுங்க டீச்சர். ஒண்ணும் ஆவாது" என்றேன்.

எல்லாரும் சொல்வதுதானே? எனக்கும் யாரோ சொன்னது. யார் சொன்னார்கள், எந்தக் காருக்குச் சொன்னார்கள் என்று எனக்கே தெரியாது.

வரிசைக் காலம் முடிந்து சில மாதம் கழித்து மறுபடியும் போன். டீச்சருடைய குரலில் பதற்றம்.

"பாஸ், ஆயில் மூடியைக் கழட்டிப் பாத்தேன். உள்ள வெள்ளையா, பாலேடு மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு. இது என்ன?"

அடுத்த நாள் காலையிலேயே போனேன். மூடிக்கு அடியில் மஞ்சள் கலந்த வெள்ளைக் களிம்பு, விரலால் வழிக்கும் அளவுக்கு. ஆயிலில் தண்ணீர் கலந்தால் அப்படித்தான் இருக்கும். ஸ்டார்ட் பண்ணினேன். சைலன்சரில் வெள்ளைப் புகை. எனக்கு எல்லாம் பொருந்திவிட்டது. இஞ்சினுக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கட் போய்விட்டது, இஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர் ஆயிலுக்குள் இறங்குகிறது. போன கிழமைதான் அதே மாதிரி ஒரு வேனைத் திறந்திருந்தேன். அதே களிம்பு, அதே புகை.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை. ரேடியேட்டர் தண்ணீர் குறையவே இல்லை. யாராவது ஊற்றி நிரப்பியிருந்தால்தான் அப்படி இருக்கும்.

"தண்ணி ஊத்தினீங்களா டீச்சர்?"

"இல்ல."

"மறந்து எப்பவாவது ஊத்தியிருப்பீங்க."

"இல்ல பாஸ். நான் தண்ணி ஊத்தல."

"யாராவது ஊத்தியிருப்பாங்க."

"இந்த மூடியைத் திறக்கிறது நான் ஒருத்திதான். நான் ஊத்தல."

மூன்று தடவை சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வயசான ஆள், மறந்திருப்பார் என்று நினைத்தேன். அவரைவிட எனக்கு இரண்டு வயதுதான் குறைவு. பனிக் காலையில் றொசல்லயில் எந்தக் காரை ஸ்டார்ட் பண்ணினாலும் சைலன்சரில் வெள்ளையாகத்தான் வரும் என்பதும் எனக்குத் தெரியாததா? அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. முடிவை முதலில் எடுத்துவிட்டால் ஞாபகம்கூட அந்த முடிவுக்கே வேலை செய்கிறது.

"ஹெட்டைக் கழட்டணும். ஓடினீங்கன்னா இஞ்சின் போயிரும். நானே கட்டி இழுத்துக்கிட்டுப் போறேன்" என்றேன்.

"எத்தன நாள் ஆவும்? இவருக்கு ஏதாவதுன்னா..."

"ரெண்டு நாள் டீச்சர்."

திங்கட்கிழமை ஹெட்டைக் கழட்டினேன். கேஸ்கட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டு போனேன். ஒரு கீறல் இல்லை. தண்ணீர் தாண்டின தடம் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நல்ல கேஸ்கட்.

அந்த நேரத்தில் எனக்குள் என்ன ஓடியது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் ஒரு நாள் வரும். "நான் நினைத்தது பிழை" என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. "அப்படியென்றால் ஹெட் வளைந்திருக்கும்" என்றுதான் தோன்றியது. அன்றைக்கே புது கேஸ்கட் போட்டு மூடியிருந்தால் செவ்வாய் காலையில் கார் வீட்டில் நின்றிருக்கும். நான் ஹெட்டை அளந்து பார்க்கச் சொல்லி கண்டியில் ஒரு பட்டறைக்கு பஸ்ஸில் அனுப்பி வைத்தேன். காரில் பிழை இருந்தே ஆக வேண்டும் என்று எனக்கு இருந்தது.

செவ்வாய் பின்னேரம் நல்ல மழை. தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுகிற ஆள் ஒருவர் அடுத்த நாள் கராஜுக்கு வந்து, வெறும் ஓடாக நின்ற அந்தக் காரைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

"இது டீச்சரம்மா கார்தானே?"

"ஆமா. ஏன்?"

"அந்த ஐயாவ நேத்து நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். மூச்சு விட முடியாம தவிச்சாரு. ஆட்டோ வந்துச்சு, ஏத்த முடியல, கால் மடங்கல. நான் கொழுந்து ஏத்திக்கிட்டு வந்தேன். டீச்சரம்மா ரோட்டுக்கு நடுவுல வந்து நின்னு கைய நீட்டிட்டாங்க. நாலு பொம்பளைங்க சேந்து மூட்டைங்க மேல தூக்கிப் படுக்க வச்சாங்க. மழை படாம மேல படங்கு போட்டுக்கிட்டுப் போனோம்."

"இப்ப எப்படி இருக்காரு?"

"தெரியாதுங்க. வார்டுல விட்டுட்டு நான் ஃபெக்டரிக்குப் போயிட்டேன்."

அவர் போன பிறகு நான் என்ன வேலை செய்தேன் என்று ஞாபகம் இல்லை. கண்டியிலிருந்து தகவல் வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஹெட் வளையவில்லை. தட்டை மாதிரி நேராக இருக்கிறதாம்.

முதலாளியிடம் போனேன். எனக்குத் தொழில் கொடுத்த மனிதர். மூன்று தலைமுறையாக ஹட்டனில் கடை வைத்திருக்கிற குடும்பம், ஆனால் இஞ்சின் சத்தம் கேட்டால் கல்லாவை விட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவார். அப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. கேஸ்கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் இல்லியே."

"இல்ல முதலாளி."

"என்ன சொல்லப் போறீங்க?"

"புதுசு போடத்தானே வேணும். கேஸ்கட் போயிருந்துச்சுன்னு சொன்னா அவங்களுக்குத் தெரியப் போறதில்ல."

அவர் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. "தெரியாதுதான்" என்றார். "ஆனா மூடியில திரும்பவும் வெள்ளையா வந்தா, அப்ப எதக் கழட்டுவீங்க?"

அது நேர்மையைப் பற்றிய கேள்வியா, தொழிலைப் பற்றிய கேள்வியா என்று அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. அவர் தொழுகைக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டீச்சர் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சேலைக் கரையில் இன்னும் கொழுந்துச் சாயம். ஐயாவுக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது, இப்போது பரவாயில்லை என்று நர்ஸ் சொன்னாராம். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"டீச்சர், கேஸ்கட் போகல. ஹெட்டும் நல்லா இருக்கு. நான் கழட்டியிருக்கத் தேவையில்ல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் தண்ணி ஊத்தலன்னு மூணு தரம் சொன்னேன்."

"சொன்னீங்க."

"நேத்து அந்த ரோட்டுல நிக்கும்போது எனக்கு அது மட்டும்தான் ஞாபகம் வந்துச்சு. மூணு தரம் சொன்னேன்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரே கேட்டார். "அப்ப அந்தத் தண்ணி எங்கயிருந்து வந்துச்சு?"

"தெரியல டீச்சர்."

முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். வாய்க்குப் பழக்கமில்லாமல் இருந்தது.

புது கேஸ்கட், புது ஆயில் போட்டு வியாழக்கிழமை காரை நானே கொண்டு போய் விட்டேன். ஒன்பது நாள் கழித்து ஐயாவும் வீட்டுக்கு வந்துவிட்டார். இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்று கிழமை கழித்து டீச்சர் போன் செய்தார். "திரும்பவும் வந்திருக்கு பாஸ். வெள்ளையா."

உண்மையைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். புது ஆயில், புது கேஸ்கட், நேரான ஹெட். இருக்கிற எல்லாம் நல்லது. தண்ணீர் மட்டும் எங்கிருந்தோ வருகிறது. யாராவது வேண்டுமென்றே செய்கிறார்களா என்றுகூட யோசித்தேன். ஆயில் டின்னில் கலப்படமா என்று மிச்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு சாமானும் எடுக்காமல் றொசல்லக்குப் போனேன். கழட்டக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. டீச்சர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு நேரே காருக்குப் போய் ஸ்டார்ட் பண்ணினார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் ஆனதும் நிறுத்தினார்.

நான் பொனட்டைத் தூக்கி இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தேன். தேத்தண்ணிக் கோப்பை அளவுக்குக்கூடச் சூடில்லை. மூடியைக் கழட்டினேன். உள்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். சோற்றுப் பானையின் மூடியில் நிற்பது போல.

"டீச்சர், இத எத்தன நாளா செய்றீங்க?"

"தினமும்தான். பெற்றோல் இல்லாத காலத்துலயிருந்து, கார் உங்ககிட்ட இருந்த நாளத் தவிர ஒரு நாள் தவறினதில்ல."

"யாரு சொன்னது இப்படிச் செய்ய?"

டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நீங்கதான் சொன்னீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அந்தப் போன் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. இஞ்சின் எரிக்கிற பெற்றோலிலிருந்தே ஈரம் வரும். நம்முடைய காற்றிலும் ஈரம். இஞ்சின் நன்றாகச் சூடானால் அது ஆவியாகப் போய்விடும். ஐந்து நிமிஷத்தில் சூடாகாது. ஈரம் உள்ளேயே தங்கி ஆயிலோடு கலக்கும். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். வட்டவளைக்குப் போய் வருகிற தூரமும் போதாது. இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமில்லை. தனித்தனியாக எல்லாம் தெரியும். சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

சொன்னேன். டீச்சர் பொனட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப, இவருக்கு அவசரம்னு நான் மிச்சம் பிடிச்சு வச்ச பெற்றோல்ல தினமும் அஞ்சு நிமிஷம் எரிச்சேனே, அது..."

"கார பழுதாக்கத்தான் டீச்சர். என்னாலதான்."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அதற்குப் பதிலாகச் சிரித்துவிட்டார். எதற்குச் சிரித்தார் என்று எனக்குப் புரியவில்லை. சிரிப்பு நிற்கவும் கொஞ்ச நேரமானது.

"சரி, இப்ப என்ன செய்யணும்?"

"நல்லா சூடேற ஓடணும். இப்பவே போவோம்."

ஐயாவைத் தனியாக விட முடியாது. முன் சீட்டில் காலை நீட்டி உட்கார வைத்தோம். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். ஹட்டன் தாண்டி, கொட்டகலை தாண்டி, தலவாக்கலைப் பக்கம் அருவி தெரிகிற வளைவு வரைக்கும் டீச்சர் ஓட்டினார். ஐயா ஜன்னலோடு முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். பாரிசவாதம் வந்த பிறகு அவர் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போனதே இல்லையாம். ஒரு இடத்தில் கண்ணாடியைத் தட்டினார். டீச்சர் காரை ஓரம் கட்டினார். எதிர் மலையில் தேயிலைச் செடியெல்லாம் வெட்டி, வெறும் குச்சியாக நின்றது.

"கவ்... வாத்து" என்றார் ஐயா. தேயிலையை அப்படி வெட்டி விடுவதற்குத் தோட்டத்துச் சொல். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "பிந்திட்டானுங்க" என்றார்.

டீச்சர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து மூடியைக் கழட்டியபோது சூடான ஆவி முகத்தில் அடித்தது. களிம்பு பாதி கரைந்திருந்தது. ஆயிலை மறுபடி மாற்றினேன். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதை நிறுத்தச் சொன்னேன். ஞாயிறு தோறும் அந்த வளைவு வரைக்கும் போய் வந்தார்கள்.

இந்த இடத்தில் நிறுத்தினால் உங்களுக்கு ஒரு நல்ல பாடம் கிடைக்கும். ஆனால் அடுத்த வருஷம் லிந்துலைப் பக்கம் ஒரு பங்களாவில் மூன்று வருஷம் அசையாமல், ஒரு தடவைகூட ஸ்டார்ட் ஆகாமல் நின்ற காரைத் திறந்தேன். உள்ளே சேறாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆயில் தேன் மாதிரி வந்தது. அதே மாதத்தில் கொட்டகலையிலிருந்து ஒரு கார் வந்தது. எட்டு மாதம்தான் நின்றது. ஆயில் தண்ணீர் மாதிரி மெலிந்து பெற்றோல் வாசம் அடித்தது. பிள்ளைகள் தினமும் ஸ்டார்ட் பண்ணிப் பாட்டுக் கேட்டார்களாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தலை சுற்றியது. மூன்று வருஷ ஆயிலையும் மாற்றத்தான் மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்று கேட்டால், பயத்தில் என்றுதான் சொல்வேன்.

ஆகவே யாராவது எத்தனை நாள் என்று கேட்டால், ஓட்டம் குறைந்த காருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லுங்கள். நம்ம மலையில் கிட்டத் தூரம் மட்டும் ஓடுகிற காராக இருந்தால் ஆறு மாதத்தில் மாற்றச் சொல்லுங்கள். அதைச் சொல்வதற்கு முன்னால், கார் எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள். கேட்ட பிறகு அவர்கள் சொல்வதை நம்புங்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது அந்தக் கடைசி ஒன்றுதான்.

நான் கராஜை விட்டு நிற்பதற்கு முந்தின மாதம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் கிளம்பத் தயாராக இருந்தார்கள். ஐயா முன் சீட்டில், தலையில் தொப்பியோடு. பொனட்டைத் தூக்கி மூடியைக் கழட்டினேன். சுத்தமாக இருந்தது. துளி வெள்ளை இல்லை. டீச்சர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"நல்லா இருக்குதானே பாஸ்? இனி இவ்வளவு தூரம் போகத் தேவையில்லயா? ஹட்டன் வரைக்கும் போய்ட்டு வந்தா போதாதா?"

போதும். அநேகமாகப் போதும். அதை யோசித்துக்கொண்டே பொனட்டை இறக்கினேன். கண்ணாடிக்குப் பின்னால் கிளாக்கர் ஐயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் கேட்டது அவருக்கும் கேட்டிருந்தது.

"இல்ல டீச்சர்" என்றேன். "அந்த வளைவு வரைக்கும் போகத்தான் வேணும். ஒரு ஞாயிறும் தவறக் கூடாது."

"உறுதியாவா?"

"உறுதியா."